பழைய கத்தியைக் கொண்டுவாருங்கள்

அவரிடம் மடக்குக் கத்தி கேட்டு யாரும் வெறுங்கையோடு போக முடியாது. "பழைய கத்தி எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, தொலைந்துவிட்டது என்று சொல்பவரை ஏற இறங்கப் பார்ப்பார். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்று கேட்டு வந்தவரை எங்கள் தாலுகா அலுவலகத்தில் அப்படித்தான் பார்ப்போம். அந்தப் பார்வையில் முப்பது ஆண்டுக்கு மேல் பழகியவன் என்பதால் அவரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

"எதுக்குக் கத்தின்னு கேட்டா எல்லாரும் பழம் நறுக்கன்னுதான் சொல்றாங்க. செஞ்சில அவ்வளவு பழம் ஏது சார்?" என்பார்.

அதனால் பழைய கத்தியை வாங்கி, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற பூதக்கண்ணாடியை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை படிப்பார். திருவண்ணாமலை சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி. மலைக்கு முதுகைக் காட்டித்தான் அவர் உட்காருவார், வெளிச்சம் தோளுக்கு மேலாக விழ வேண்டும் என்று. மேசையில் நான்கைந்து சாணைக் கற்கள், கோணம் காட்டும் சின்னக் கருவி ஒன்று, ஒரு சுருள் தேங்காய் நார்க்கயிறு. சென்னையிலும் பெங்களூரிலும் விலை உயர்ந்த மடக்குக் கத்திகளைச் சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஸ்டீல், விளிம்பு எத்தனை டிகிரிக் கோணம் என்று முடிவு செய்து, கத்தியை வரவழைத்து, தன் கையால் கூர் வைத்து அனுப்புவது அவர் தொழில். உள்ளூர்க்காரர்களுக்கும் செய்வார். ஆனால் உள்ளூர்க்காரர்கள் விசாரணையைத் தாண்ட வேண்டும்.

ஒருநாள் நான் இருக்கும்போது வல்லத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர். மகன் செல்போனில் காட்டிய ஏதோ ஒரு உயர்ந்த ஸ்டீல் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இவர் பழைய கத்தியை வாங்கிப் பார்த்தார்.

"ஆணி பிடுங்கியிருக்கீங்க."

"ஐயய்யோ, இல்ல சார். கெளை கழிக்கிறதுக்குத்தான்."

"கெளைல இப்படிப் பல்லுபல்லாப் பேராது. சரி, ஆணி இல்ல. டின் மூடி."

விவசாயி கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "ஒரே ஒரு வாட்டி, பெயின்ட் டப்பா."

"ஒரு வாட்டிக்கு இத்தினி பல்லா?"

"நீங்க இன்னா சார், போலீஸ் ஸ்டேஷனா? கத்தி குடுப்பீங்களா மாட்டீங்களா?"

கொடுத்தார். ஆனால் காகிதத்தில் இருந்த ஸ்டீலை அல்ல. அதில் பாதி விலைகூட இல்லாத சாதாரண ஸ்டீல், பக்கத்துக்கு இருபத்திரண்டு டிகிரி. "அந்த உசந்த ஸ்டீலு ரொம்ப நாள் கூர் தாங்கும். ஆனா முரடன். டின் மூடில வச்சா உடையும். இது மடங்கும். மடங்குனத நிமித்தலாம், உடைஞ்சத இன்னா பண்ணுவீங்க?" என்றார். மலிவான கத்தியோடு இறங்கிப் போன விவசாயி, தான் ஏமாற்றப்பட்டதாகவே வெகுகாலம் நம்பினார். அந்தக் கத்தி இன்றும் அவர் இடுப்பில் இருக்கிறது.

என்னுடைய பழைய கத்தியையும் அவர் படித்தார். "காகிதத்தத் தவிர வேற எதையும் வெட்டல. பேப்பர்ல களிமண்ணு கலந்திருக்குது சார், அதுதான் கூரைத் தின்னும். வேலைல இருந்த காலம் பூரா உறை பிரிச்சிருக்கீங்க. பிரிச்சதுக்கு ஏதாச்சும் பண்ணீங்களா?" என்றார். பதினைந்து டிகிரியில் ஒரு கத்தி கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு உறை பிரிக்கலாம், அவ்வளவு மென்மை.

கூர் வைப்பதற்கு முன்னால் விளிம்பு முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை தடவுவார். கல்லில் ஒரு இழுப்பு. எங்கே மை போயிருக்கிறது என்று பார்ப்பார். விளிம்பின் நுனியில் போகாமல் அதற்கு மேலே தோளில் போயிருந்தால் கோணம் தவறு. தொழிற்சாலை பதினேழு டிகிரி என்று அச்சடித்திருக்கும், ஒரு பக்கம் பதினேழும் மறுபக்கம் இருபதும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். லஞ்ச ஒழிப்புக்காரர்களின் முகத்தில் மட்டும் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

"அலகுல பேர் குத்துறது ரெண்டு நிமிஷ வேலை சார். குத்துனவன் எவன், உள்ள இருக்குறது இன்னா? அறுத்துப் பாத்தாதான் தெரியும்."

இந்தச் சந்தேகத்தை அவர் கத்தியோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்ப்பார். பேருந்தில் டிக்கெட்டை வாங்கி, ஏறிய ஊரும் இறங்கும் ஊரும் சரியா என்று படித்து முடித்த பிறகுதான் உட்காருவார். நான் முதல்முறை போய் 'ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்' என்று சொன்னபோது, "அடையாள அட்டை இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. காட்டினேன். இரண்டு பக்கமும் பார்த்தார்.

ஊரும் அவரைச் சந்தேகித்தது, அதில் ஊர் எந்தக் குறையும் வைக்கவில்லை. தொண்டூர்ப் பக்கத்து சமண நயினார் குடும்பம். மஸ்கட்டில் இரும்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கிழங்கு தொடமாட்டார், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வாரம் ஒரு பார்சல், பார்சலுக்குள் கத்தி. "எறும்ப மிதிக்காத வூட்ல பொறந்துட்டு இவருக்கு இன்னாத்துக்கு இத்தினி கத்தி?" என்று டீக்கடையில் கேட்டார்கள். ஒருமுறை காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து மேசையைச் சுற்றி நடந்தார். அலகின் நீளம் சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கிறது, இவை வீட்டு உபயோகப் பொருள்கள் என்று நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். போலீஸ்காரர் போனதும் இவர் அதன் நகலைப் படித்துவிட்டு என்னிடம், "நீங்க எனக்காக எழுதுறீங்களா, உங்களுக்குப் பொழுது போகலன்னு எழுதுறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது என்றேன். அன்று முதல் என்னை ஓரளவு நம்பினார்.

ஏழுமலை விஷயத்தில் என்னை வினை பிடித்தது அந்த நம்பிக்கையால்தான்.

ஏழுமலை பார்சல் கொண்டுவருகிறவன். முப்பது வயதுக்கு மேல், இரண்டு பெண் குழந்தைகள், பைக்கின் பின்னால் தன்னைவிடப் பெரிய பை. ஒரு மழைநாளில் இவருக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே இருந்தது அவர் அதுவரை கையில் தொட்டதிலேயே விலை கூடிய கத்தி. தூளாக்கி அழுத்திச் செய்கிற உயர்ந்த வகை ஸ்டீல், பெங்களூர்க்காரர் ஒருவருக்காக வரவழைத்தது. வழக்கம்போல நார்க்கயிற்றை எடுத்து அறுத்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து அறுப்பிலேயே கத்தி வழுக்க ஆரம்பித்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பு மடங்கிக் கிடந்தது. வழவழப்பான கல்லில் லேசாகத் தீட்டி மறுபடி அறுத்தார். மறுபடி மடங்கியது.

என்னை வரச் சொன்னார். "பெட்டி அசலு. கத்தி போலி. நடுவுல மாத்தியிருக்கான்."

"யார்?"

"பெட்டி நேத்தே செஞ்சிக்கு வந்துடுச்சு. நான் கோயிலுக்குப் போயிருந்தேன், கேட் பூட்டி இருந்துச்சு. ஒரு ராத்திரி அவன் வூட்ல இருந்திருக்குது. அவனே ஒத்துக்கிட்டான்."

ஒத்துக்கொண்டான் என்பது சரியான சொல் அல்ல. கேட்டதற்குச் சொல்லியிருக்கிறான். கிளை அலுவலகத்தின் தகரக் கூரை ஒழுகும், நனையக் கூடாது என்று வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரி மேல் வைத்திருந்தான். ஆனால் விதிப்படி, ஆள் இல்லாத வீட்டுப் பார்சலைக் கிளைக்குத் திருப்ப வேண்டும். விதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஓய்வுபெறாத யாரோ எழுந்து உட்கார்ந்தார்.

அந்தப் புகாரை நான்தான் எழுதினேன். நல்ல புகார். 'மேற்படி நபரின் தனிப்பொறுப்பில் பொருள் இருந்த காலத்தில்' என்று ஒரு வரி. ஏழுமலை திருடினான் என்று எங்கும் சொல்லவில்லை. படிப்பவர் வேறு எதுவும் நினைக்க முடியாதபடி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். விற்றவருக்கு ஒரு நகல், பார்சல் கம்பெனியின் மேலிடத்துக்கு ஒரு நகல், நுகர்வோர் குறைதீர்ப்புக்கு ஒரு நகல். நகல் போடுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

கத்தி சான்றுப் பொருள், இனி யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னேன். உறையிலிட்டு, ஒட்டி, ஒட்டின் குறுக்கே அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். அவர் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். இதை நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'சம்பந்தப்பட்ட ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.' உரிய நடவடிக்கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். ஏழுமலையின் பையையும் சட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு பார்சல் கம்பெனியில் கேட்டிருக்கிறான். "கத்தி மாத்துனவன் நீதான?" என்றார்களாம். செஞ்சி சின்ன ஊர். வேர்க்கடலை சீசன் என்பதால் விற்பனைக்கூடத்தில் மூட்டை ஏற்றப் போனான்.

இவரிடம் சொன்னேன். "தப்பு செஞ்சவன் மூட்டை தூக்கட்டும். கஷ்டமான வேலைதான், ஆனா திருட முடியாது, கனம்" என்றார். நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புகார் முடிந்ததால் சான்றுப் பொருளுக்கும் வேலை முடிந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பிவிட்டார், கத்தியை வேண்டாம் என்றுவிட்டார். இவர் உறையைக் கிழித்து, போலிதானே என்று, புதிதாக வாங்கிய முரட்டுக் கல்லைப் பழக்குவதற்கு அதை எடுத்துக்கொண்டார். இரண்டு மூன்று நாள் தேய்த்திருக்கிறார்.

ஒருநாள் நண்பகல், வெயில் பாறையில் பட்டுத் திரும்பி ஊரையே வேகவைக்கிற நேரம், என் வீட்டுக்கு வந்தார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் அல்ல. நேரே பின்பக்கம் போய், துணி காயப்போடும் கொடிக் கயிற்றை அவிழ்த்து, பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துத் துண்டு துண்டாக அறுக்க ஆரம்பித்தார். கயிறு முழுவதும் தீர்ந்தது. பிறகு என் மேசையிலிருந்த செய்தித்தாளை எடுத்து விளிம்பில் வைத்தார். சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

"எந்தக் கத்தி இது?" என்றேன்.

"அதேதான்."

சொன்னார். தொழிற்சாலையில் வேகமாகச் சுற்றும் சாணைப் பட்டையில் பிடிக்கும்போது சில சமயம் விளிம்பு சூடேறிவிடும். அந்த மயிரிழை அளவுக்கு மட்டும் ஸ்டீல் இளகிப் பதம் கெட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. மூன்று நான்கு முறை கல்லில் நன்றாகத் தேய்த்து அதை எடுத்த பிறகுதான் உள்ளே இருக்கும் உண்மையான ஸ்டீல் வெளியே வரும். அதற்கு முன் எந்த ஸ்டீலையும் எடை போடக் கூடாது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். வாங்குறவங்களுக்கு நானே சொல்லியிருக்கேன். மொதல்ல வர்ற கூரை வச்சி முடிவு பண்ணாதீங்கன்னு."

"பின்னே?"

"சந்தேகம் மொதல்ல வந்துடுச்சு."

கயிற்றுத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தார். பிறகு, என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக விசித்திரமான வாக்கியத்தைச் சொன்னார். "ஒருவேளை, பயந்துபோயி, அசலத் திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டானோ?"

"பீரோ உங்களது. சாவி உங்களது. உறையில் கையெழுத்து நம்ம ரெண்டு பேருடையது. கிழிச்சது நீங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நான் அந்தச் சாவியை வாங்கியிருக்க முடியுமா என்று யோசிக்கிறார் எனப் புரிந்தது. நல்லவேளை, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புகாரைத் திரும்பப் பெற வேண்டும். மேசையில் உட்கார்ந்தோம். 'ஐயம் நீங்கியதால் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதச் சொன்னார்.

"அது போதாது. அலுவலகத்தில் அந்த வாக்கியத்துக்கு 'நிரூபிக்க முடியவில்லை' என்று அர்த்தம். ஏழுமலை பேருக்கு எதிரே குறி அப்படியே நிற்கும். அவன் திரும்ப வேலைக்குப் போக முடியாது."

"வேற இன்னா எழுதணும்?"

"'கத்தி அசல். யாரும் மாற்றவில்லை. தவறு என் சோதனையில்.' மூன்று வாக்கியம்."

முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்கு எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் ஆயிற்று. நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் மார்க்கர் மையும் கையுமாக எதையாவது தேய்த்துக்கொண்டிருந்தார். 'தவறு சோதனையில்' என்று போடலாமா, 'என்' வேண்டாமே என்று ஒருநாள் கேட்டார். 'தொழிற்சாலையின் தவறு' என்று இன்னொரு நாள். தொழிற்சாலை ஏழுமலை மேல் புகார் கொடுக்கவில்லையே என்றேன். "நீங்கதான சார் எழுதுனீங்க அந்தப் புகார?" என்றார். ஆமாம், அதனால்தான் இதையும் எழுதுகிறேன் என்றேன்.

நான்காம் நாள் அவரே, "அவனப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

விற்பனைக்கூடத்தில் வேர்க்கடலை மண்ணும் புழுதியும். ஏழுமலை மூட்டையை இறக்கிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். எங்களைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவனிடம் உரக்கச் சொன்னான்: "டேய், மூட்டைய எண்ணி வச்சுக்க. பெரியவங்க வந்திருக்காங்க."

பிறகு எங்களிடம்: "இன்னா சார், இன்னும் இன்னா காணாம போச்சு?"

"கத்தி அசல்தான்" என்றார் இவர்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். பெட்டிய நான் பிரிக்கவே இல்ல. உள்ள கத்தின்னே தெரியாது. என் பொண்ணு ஆட்டிப் பாத்துட்டு, நைனா, பொம்மை காருன்னா. ஆட்டாதடி, அடுத்தவங்க பொருளுன்னு ஒரு அடி வச்சேன். அந்தக் கொழந்த உங்க கத்திக்கு அடி வாங்கிச்சு சார்."

இவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. புது மடக்குக் கத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். "வச்சுக்க. நல்ல ஸ்டீலு."

ஏழுமலை கையை நீட்டவில்லை. "வேணாம் சார். நாளைக்கு இது எப்படி என் கையில வந்துச்சுன்னு யாராச்சும் கேப்பாங்க. கத்தி வேணாம், காயிதம் குடுங்க."

அங்கேயே, எடைமேடைக்குப் பக்கத்தில், ஒரு மூட்டையின் மேல் காகிதத்தை வைத்து மூன்று வாக்கியத்தையும் தன் கையால் எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதவில்லை, தானாகவே எழுதினார். 'என்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதியதில் சாக்கு இழையில் பேனா குத்திக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. வேறு காகிதம் எடுத்து மறுபடி எழுதினார். ஏழுமலை அதைச் சத்தம் போட்டுப் படித்தான், மூட்டைக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி. அது எந்த நடைமுறையிலும் இல்லை. நான் தடுக்கவில்லை.

நகல் போட்ட எல்லா இடத்துக்கும் அதையும் நகல் போட்டேன். முதல் காகிதத்துக்கு ஒரு மாதத்தில் அசைந்த மேலிடம் இதற்கு அசைய மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. இடையில் இரண்டு நினைவூட்டுக் கடிதம் போட்டேன். கடைசியில் ஏழுமலைக்குப் பையும் சட்டையும் திரும்பக் கிடைத்தன.

அவன் வேலைக்குத் திரும்பிய பின் இவருக்கு வந்த முதல் பெட்டியின்போது நானும் மாடியில் இருந்தேன். கீழே பைக் சத்தம். வழக்கமாகக் கேட்டிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு, "வரேன் சார்" என்று போய்விடுகிறவன் அன்று மாடிக்கு ஏறி வந்தான். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, செல்போனை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். வீடியோ ஓடும் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"பிரிங்க சார்."

"பரவால்ல ஏழுமலை. வச்சுட்டுப் போ."

"இல்ல சார், பிரிங்க. ஒட்டு சரியா இருக்குதான்னு காட்டுங்க. ம், இப்பிடித் திருப்புங்க."

இவர் பிரித்தார். கத்தி வெளியே வந்தது. ஏழுமலை ஒரு எட்டு முன்னால் வந்து அலகிலிருந்த பெயரைப் படமெடுத்தான்.

"அறுத்துப் பாருங்க."

"வேணாம்ப்பா. நம்புறேன்."

அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அன்றுதான் கேட்டேன். யாருக்கு எப்படியோ, அவருக்கு அது பெரிய விஷயம். ஏழுமலைக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

"இன்னிக்கி நம்புவீங்க, நாளைக்கி மடங்கிச்சும்பீங்க. அறுங்க சார். மடங்குனா தேயிங்க. எத்தினி வாட்டி தேய்க்கணுமோ தேயிங்க. அசல்னு உங்க வாயால சொல்லுங்க. அதுவரிக்கும் நிக்கிறேன். கீழ வண்டில இன்னும் முப்பது பெட்டி இருக்குது, இருக்கட்டும்."

அவர் கயிற்றை இழுத்தார். அறுத்தார். மடங்கியதோ என்னவோ, பூதக்கண்ணாடியை எடுக்க அவர் கை வரவில்லை. முரட்டுக் கல்லை நனைத்து, மை தடவி, தேய்க்க ஆரம்பித்தார். வெளிச்சம் அவருடைய தோளுக்கு மேலாக விழவில்லை. ஏழுமலை அங்கே நின்றான். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் நிமிர்ந்து அந்தச் செல்போனின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுபோல.

நான் வாய் திறப்பதற்குள் ஏழுமலை செல்போனை மெதுவாக என் பக்கம் திருப்பினான்.

"சாரும் பேரச் சொல்லிடுங்க. எழுதிக் குடுத்தவரும் இருக்கட்டும்."

பெயரைச் சொன்னேன். வகித்த பதவியையும் சேர்த்துச் சொன்னேன்.